மார்கழிப் பனியில் சீரியல் லைட் வேன்

மார்கழி பிறந்துவிட்டால் நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணி செல்லும் சாலையில், கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டிய வேன்களும் சபரிமலைக்குப் புறப்பட்ட ஐயப்ப பக்தர்களின் வேன்களும் ஒன்றையொன்று கடந்து செல்லும். இரண்டின் முகப்பிலும் பெரும்பாலும் ஓடுவது ஒரே வகை எல்.இ.டி. பட்டைதான். வீட்டு வாசலில் தொங்கும் சீரியல் செட்டையே வண்டியின் பாட்டரியில் இணைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. இணைக்கலாம், எரியாது.

எல்.இ.டி. ஒவ்வொன்றும் ஒளிர்வதற்குக் குறிப்பிட்ட மின்னழுத்தம் வேண்டும். சிவப்புக்கு ஏறத்தாழ 2 வோல்ட், நீலத்துக்கும் வெள்ளைக்கும் ஏறத்தாழ 3 வோல்ட். (வெள்ளை என்பது பெரும்பாலும் மஞ்சள் ஒளிர்பொருள் பூசிய நீலமே, அந்த நீலத்தைச் சாத்தியமாக்கிய மூவருக்கு 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.) 230 வோல்ட்டுக்கான வீட்டு செட்டில் டஜன் கணக்கான எல்.இ.டி.கள் ஒரே சரமாகக் கோக்கப்பட்டிருப்பதால், வண்டி பாட்டரியின் 12 வோல்ட் அதற்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. வண்டிக்கான பட்டையிலோ மூன்று எல்.இ.டி.களும், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு ரெசிஸ்டரும் சேர்ந்தது ஒரு கண்ணி. உற்றுப் பார்த்தால் மூன்றுக்கு ஒருமுறை கத்தரிக்கோல் படம் போட்ட கோடு தெரியும். அங்கே மட்டுமே வெட்டலாம். ஒரு எல்.இ.டி.யின் இணைப்பு அறுந்தால் மூன்றும் சேர்ந்து அணைவதும் இதனால்தான்.

வண்டி நிற்கும்போது நன்றாக எரிந்த பட்டை சில நாள் ஓட்டத்திலேயே கருகுவது ஏன் என்பதற்கும் இந்தக் கண்ணியிலேயே விடை இருக்கிறது. வெள்ளை எல்.இ.டி. மூன்றும் சேர்ந்து 9.6 வோல்ட் எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் மீதமுள்ள 2.4 வோல்ட் 150 ஓம் ரெசிஸ்டரின் மேல் விழ, 16 மில்லிஆம்பியர் ஓடும். என்ஜின் ஓடத் தொடங்கியதும், பாட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டர் மின்னழுத்தத்தை 14.4 வோல்ட் வரை உயர்த்துகிறது, எல்.இ.டி.கள் தமக்கு வேண்டியதற்கு மேல் அதிகம் ஏற்காததால், கூடிய 2.4 வோல்ட் ஏறத்தாழ முழுவதும் ரெசிஸ்டரின் தலையிலேயே விழுகிறது. மின்னழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு உயர, மின்னோட்டமோ 32 மில்லிஆம்பியராக இரட்டிக்கிறது. ரெசிஸ்டரில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகிறது. 12 வோல்ட்டில் நிலைநிறுத்தும் சிறிய ரெகுலேட்டர் ஒன்றை இடையில் வைப்பது, ஆண்டுதோறும் புதுப் பட்டை வாங்குவதைவிட மலிவு.

அடுத்த எதிரி பனி. சம்பா வயல்களில் ஈரம் நிற்கும் இக்காலத்தில் டெல்டாவின் இரவுக் காற்று நீராவியால் நிறைந்திருக்கும். வேனின் தகரக் கூரை தன் வெப்பத்தைத் தெளிந்த வானத்துக்குக் கதிர்வீசி, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோவதால், பனித்துளி முதலில் அங்கேதான் படிகிறது. கடலோரமாக ஓடிய வண்டியில் அந்த நீருடன் உப்பும் சேர, டேப் சுற்றிய இணைப்பு ஒரு மின்பகு கலமாகவே மாறிவிடுகிறது. நேர்மின் கம்பியின் செம்பு கரைந்து, பொங்கல் நேரத்தில் டேப்பைப் பிரித்தால் பச்சைக் களிம்பு மட்டும் மிஞ்சியிருக்கும்.

பியூஸ் பாட்டரிக்கு அருகிலேயே இருக்க வேண்டும். பட்டைக்குப் பக்கத்தில் வைத்தால் இடைப்பட்ட கம்பி தகரத்தில் உரசி ஷார்ட் ஆகும்போது பியூஸ் காப்பாற்றாது. நிறத்திலும் கவனம் தேவை: மோட்டார் வாகன விதிகளின்படி சாதாரண வண்டியின் முன்பக்கம் சிவப்பு விளக்கு எரியக் கூடாது. எதிரே பனிமூட்டத்தில் வருபவர் சிவப்பைக் கண்டால், முன்னால் போகும் வண்டியின் பின்புறம் என்றே எண்ணுவார்.