சொல் விளக்கம்: பேட்டரி, மின்கலம், சேமக்கலம்

திருநெல்வேலிப் பக்கத்தில் 'பேட்டரி லைட்' என்றால் டார்ச். ராத்திரி வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் கையில் இருப்பது அது. இப்போது மின்சாரக் கார்களுக்குச் சார்ஜ் ஏற்றும் நிலையத்தில், லாரியில் வந்து இறங்கும் பெரிய பெட்டிக்கும் பேட்டரி என்றே பெயர். இரண்டுக்கும் ஒரே சொல் போதுமா?

சொல்லின் வேர் பிரெஞ்சு மொழியில் இருக்கிறது. 'அடித்தல்' என்ற வினையிலிருந்து பிறந்து, மதிலைத் தகர்க்க வரிசையாக நிறுத்திய பீரங்கிகளுக்குப் பெயரானது. 1749 வாக்கில் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின், மின்னூட்டத்தைப் பிடித்து வைக்கும்படி ஈயத் தகடு ஒட்டிய கண்ணாடிப் பலகைகள் பலவற்றை ஒன்றாக இணைத்து, அந்தத் தொகுதியை இதே பெயரால் குறித்தார். 1800-இல் இத்தாலிய விஞ்ஞானி வோல்ட்டா உலோகத் தகடுகளை அடுக்கி, நடுவே உப்புநீரில் நனைத்த அட்டைகளை வைத்துத் தொடர்ந்து மின்சாரம் எடுத்தார். ஆக, சொல்லுக்குள் இருக்கும் பொருள் வரிசை, அடுக்கு.

நம் பாடநூல்கள் தந்த சொல் மின்கலம். கலம் என்றால் பாத்திரம். உண்கலம் என்கிறோமே, அந்தக் கலம்தான். நல்ல சொல், ஆனால் கணக்காகப் பார்த்தால் அது ஒற்றை அலகைத்தான் குறிக்கும். டார்ச்சில் போடும் 1.5 வோல்ட் கட்டை ஒரு மின்கலம். காரின் முன்பக்க மூடியைத் திறந்தால் தெரியும் 12 வோல்ட் பெட்டிக்குள் 2 வோல்ட் வீதம் ஆறு அறைகள் இருக்கின்றன. அது மின்கல அடுக்கு. தீர்ந்தபின் திரும்ப ஏற்றிக்கொள்ளக்கூடியது சேமக்கலம். சேமம் என்பதை க்ஷேமத்திலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். இருக்கட்டும், சேமிப்பு வீட்டுச் சொல்லாகி எத்தனையோ காலமாயிற்று. சார்ஜிங் நிலையத்துப் பெட்டிக்கு 'மின்சேமக்கலம்' என்பதே சரி என்பேன். அது செய்யும் வேலை பெயரிலேயே இருக்கிறது.

அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். வள்ளியூர் பக்கம் நாற்கரச் சாலையோரம் ஒரு நிலையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கிலோவாட் சார்ஜர் இரண்டு. மின்வாரியம் தந்த இணைப்போ 50 கிலோவாட்தான். கன்னியாகுமரி போகும் கார்கள் இரண்டு ஒரே நேரத்தில் வந்து நின்றால் 120 கிலோவாட் வேண்டும். மீதி 70-ஐ சேமக்கலம் கொடுக்கும். சாலை ஓய்ந்திருக்கும் நேரத்தில் அதே 50 கிலோவாட்டில் மெதுவாக நிரப்பிக்கொள்ளலாம். இணைப்பைப் பெரிதாக்கப் புது டிரான்ஸ்பார்மருக்குச் செலவழிக்க வேண்டாம்.

எப்போது நிரப்புவது என்பதில் விலை வருகிறது. பொதுச் சார்ஜிங் நிலையங்களுக்கான மத்திய அரசின் 2024 வழிகாட்டுதல், காலை 9 முதல் மாலை 4 வரை மின்சாரத்தைச் சராசரி வழங்கல் செலவில் (ஒரு யூனிட்டைக் கொண்டுசேர்க்க மின்நிறுவனத்துக்குச் சராசரியாக ஆகும் செலவு) 0.7 மடங்குக்கும், மற்ற நேரத்தில் 1.3 மடங்குக்கும் தரச் சொல்கிறது. பகலில் நிரப்பி இரவில் காருக்கு ஏற்றினால் அந்த வித்தியாசம் நிலையத்துக்கு மிச்சம், சேமக்கலத்துக்குள் போய் வரும்போது வீணாகும் கொஞ்சத்தைக் கழித்துக்கொண்டு.

அப்புறம் 'உள்ளூர் மின்சந்தை' என்றொரு சொல். நாட்டின் மின் பரிமாற்றச் சந்தையில் ஒரு நாளை 15 நிமிடத் துண்டுகளாக, 96 ஆக வெட்டி விலை பேசுகிறார்கள். உள்ளூர்ச் சந்தை அதையே ஓர் ஊரளவுக்குக் கொண்டுவருவது; மாடியில் சூரியத் தகடு போட்டவர் தன் உபரியை அக்கம்பக்கத்துக்கே விற்பார். உத்தரப் பிரதேசத்தில் லக்னோவில் இதைச் சோதித்தார்கள். பணகுடி, ராதாபுரம் பக்கம் ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று அள்ளி வீசும்போது, கம்பி தாங்காமல் சில நேரம் காற்றாலைகளையே நிறுத்தச் சொல்கிறார்கள். அந்த நேரத்து மலிவு மின்சாரத்தைப் பக்கத்துச் சார்ஜிங் நிலையத்தின் சேமக்கலம் வாங்கிக்கொள்ள வழி இருந்தால், காற்றாலைக்காரருக்கும் காசு, கார்க்காரருக்கும் விலை குறைவு. அதற்கு முதலில் வேண்டியது உள்ளூர் விற்பனையை அனுமதிக்கும் விதியும், 15 நிமிடத்துக்கொரு முறை கணக்கெடுக்கும் மீட்டரும்.