பொது விசையா, பூட்டா?

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் மாலை வேளைகளில் நிரலாக்கம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு, நிரல்களைச் சேமித்துவைக்கும் தொலைவிலுள்ள நிரற்களஞ்சியம் ஒன்றைப் பாதுகாப்பாக அணுகும் முறையைக் கற்பித்தபோது, "உங்கள் பொது விசையை அனுப்புங்கள்" என்று கேட்டவன் நானேதான். கலைச்சொற் பட்டியல்கள் அப்படித்தான் சொல்கின்றன. வந்து சேர்ந்த எட்டுக் கோப்புகளில் மூன்று, எவருக்கும் காட்டவே கூடாத மறைவான கோப்புகள். ஏன் இதை அனுப்பினாய் என்று ஒரு பிள்ளையைக் கேட்டேன். "சேர், மற்றதின்ரை பேரிலை ஏதோ வால் இருந்தது. இது வெறும் பேரா இருந்தது, அதுதான் பொது எண்டு நினைச்சன்" என்றாள். அவள் தமிழைச் சரியாகத்தான் விளங்கிக்கொண்டிருந்தாள்.

தொலைவிலுள்ள கணினியோடு பாதுகாப்பாக இணையும் ஏற்பாட்டுக்கு எஸ்எஸ்எச் என்று பெயர். அதற்கான எஸ்எஸ்எச்-கீஜென் என்ற கட்டளையை இட்டால் இரண்டு கோப்புகள் சோடியாகப் பிறக்கும். 'பப்' என்ற வாலுடன் முடியும் கோப்பைக் களஞ்சியம் இருக்கும் சேவையகத்துக்குக் கொடுக்க வேண்டும். மற்றது நம் கணினியை விட்டு வெளியேறக் கூடாது. இணையும்போது நம் கணினி மறைவான கோப்பைக்கொண்டு ஒப்பமிட, சேவையகம் தன்னிடமுள்ள கோப்பைக்கொண்டு அதைச் சரிபார்க்கும். பின்லாந்தில் ஒரு பல்கலைக்கழக வலையமைப்பிலே கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டதன் பின்னர், 1995 இல் தாத்து யுலோனென் ஆக்கிய ஏற்பாடு இது. நிரற்களஞ்சியங்களை வைத்திருக்கும் இணையத்தளமான கிட்ஹப், 2021 ஓகஸ்ட் 13 முதல் தன் களஞ்சியங்களுக்குக் கணக்குக் கடவுச்சொல்லை ஏற்பதை நிறுத்திவிட்டபடியால், தொடக்கநிலை மாணவரும் முதல் வாரத்திலேயே இந்தச் சொல்லின்மீது தடுக்கி விழுகிறார்.

சேவையகத்துக்குக் கொடுக்கும் கோப்புக்கு ஆங்கிலத்தில் பப்ளிக் கீ என்று பெயர்; அதன் நேர் மொழிபெயர்ப்பே பொது விசை. மறைவான கோப்பைத் தனி விசை என்பார்கள். மறையாக்க ஆய்வாளர்களான டிஃபியும் ஹெல்மனும் 1976 இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையால் பரவிய கருத்து. பூட்டைத் திறப்பதும் கீ, தட்டச்சில் அழுத்துவதும் கீ, மறைமொழியை அவிழ்ப்பதும் கீ என்பது ஆங்கிலத்தின் வறுமை. அந்த வறுமையை நாம் ஏன் கடன்வாங்க வேண்டும்? விசை என்றால் வேகம், உந்தும் வலு, அமுக்கினால் துள்ளும் பொறி. ஆகவே விசைப்பலகை நல்ல சொல், அதனோடு எனக்குப் பிணக்கில்லை. ஆனால் கீ என்று கண்ட இடமெல்லாம் விசை என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர், பொருளைப் பார்க்கவில்லை, பட்டியலைப் பார்த்திருக்கிறார். விசையை அழுத்தலாம், விசையால் எதைத் திறப்பது?

'பொது' அதைவிட மோசம். பொதுக்கிணறு என்றால் எவரும் தண்ணீர் அள்ளலாம், அது எவருக்கும் தனியுடைமை அல்ல. இந்தக் கோப்போ என்னுடையது, எனக்காக மட்டும் உண்டாக்கப்பட்டது. பிறர் கண்ணில் பட்டாலும் கேடில்லை என்பதே அதன் சிறப்பு. ஊரார் பார்க்கக்கூடிய என் வீட்டுப் படலையை ஒருவரும் பொதுப்படலை என்று சொல்வதில்லை.

சிலர் பொதுச் சாவி என்பர். சாவி போர்த்துக்கேயரின் 'ஷாவி'யிலிருந்து வந்தது. 1619 இலிருந்து 1658 வரை போர்த்துக்கேயர் ஆண்ட யாழ்ப்பாணத்தில் கதிரை, சப்பாத்து, அலுமாரி எல்லாம் அவர்கள் சொல்லாகவே நிலைத்துவிட, பூட்டைத் திறக்கும் பொருளுக்கு மட்டும் நாம் இன்றும் திறப்பு என்றே சொல்கிறோம். தமிழகத்தாரோ நாற்காலியில் இருந்துகொண்டு சாவியைத் தேடுகிறார்கள். திறப்பு என்றால் திறப்பு விழா நினைவுக்கு வருகிறது என்று அங்குள்ள நண்பர் ஒருவர் சிரித்தார். அவர்களுக்குத் திறவுகோல் என்று எழுதலாம், அதுவும் பழைய, செம்மையான சொல்லே.

ஆனால் விசையை நீக்கிச் சாவியையோ திறப்பையோ வைத்தாலும், 'பொது'வோடு சேர்த்தால் பிழை தீராது. நாம் கொடுத்தனுப்பும் கோப்பு எதையும் திறப்பதில்லை. அது பூட்டு. அமுக்கினால் பூட்டிக்கொள்ளும் ஆமைப்பூட்டை எண்ணிப் பாருங்கள்: எவரும் பூட்டலாம், திறப்பு வைத்திருப்பவர்தான் திறக்கலாம். திருமறைக்காட்டுக் கதவு திறக்க அப்பர் ஒரு பதிகமே பாட வேண்டியிருந்தது, அடைப்பதற்குச் சம்பந்தருக்கு ஒரு பாட்டுப் போதுமாயிருந்தது என்று கேட்டு வளர்ந்த நமக்கு, திறப்பதும் அடைப்பதும் ஒரே எளிமையுடையன அல்ல என்பதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே பூட்டுக்கோப்பு, திறப்புக்கோப்பு. பெயர்ச்சொற்களே வேறாகிவிட்டபின் பொது, தனி என்ற அடைகள் தேவையில்லை.

கணிதம் தெரிந்தவர்கள் இதற்கு உடன்படமாட்டார்கள். இந்தச் சோடியை உண்டாக்கும் முறைகளில் ஒன்றான ஆர்எஸ்ஏயில் இரண்டுமே எண்கள், ஒன்றின் வேலையை மற்றது மாற்றிச் செய்யும், எனவே இரண்டும் கீ என்பதே சரி என்பார்கள். ஆனால் இன்று பெரும்பாலும் பரிந்துரைக்கப்படும் இடி25519 முறையில் திறப்பிலிருந்து பூட்டைக் கணிக்கலாம், பூட்டிலிருந்து திறப்பைக் கணிக்க நடைமுறையில் வழியில்லை; அவை சரிசமமான இரட்டையர் அல்ல. ஒப்பமிடும் வேலைக்குப் பூட்டு உவமை முழுதாகப் பொருந்தாது என்றால், அதை ஏற்கிறேன். அதற்கு முத்திரையும் முத்திரைப் பதிவும் கூடுதலாகப் பொருந்தும். ஆயினும் முதல் நாள் வந்திருக்கும் பிள்ளைக்கு எந்தக் கோப்பைக் கொடுப்பது, எதை ஒளிப்பது என்பதே கேள்வி. அதற்குப் பூட்டு என்ற சொல்லே விடை சொல்லிவிடுகிறது.

அடுத்த வகுப்பில் "பூட்டை அனுப்புங்கள்" என்றேன். எட்டும் சரியாக வந்தன. அதே பிள்ளை, "சேர், ஒரு களஞ்சியத்துக்கு எட்டுப் பேரின்ரை பூட்டும் போட்டால், எட்டுத் திறப்பும் வேணுமோ?" என்று கேட்டாள். தோட்டப் படலைச் சங்கிலியில் பங்காளிகள் ஆளுக்கொரு ஆமைப்பூட்டைக் கோத்துவிடுவதை நினைவூட்டினேன்: எவரும் தன் பூட்டைத் திறந்தால் படலை திறக்கும். யாரேனும் ஒருவரின் மடிக்கணினி களவுபோனால், அவருடைய பூட்டை மட்டும் சங்கிலியிலிருந்து கழற்றி, மிச்ச ஏழையும் திரும்பக் கோத்துவிட வேண்டியதுதான்.