சுவரில் விட்ட ஓட்டையை அடைக்காதீர்கள்

இந்த மழைக்கு இது எனக்கு நான்காவது சுவர். கோத்தகிரிப் பக்கம் ஒரு வீடு. சென்னையில் வேலை முடித்து ஓய்வுபெற்று வந்தவர், தானே முன்நின்று பார்த்துப் பார்த்துக் கட்டியது. காலை ஆறரைக்குப் போன். "சார், பின்பக்கச் சுவர் லேசா வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்குது. பூச்சு வேலை சரியில்லையோ?"

போய்ப் பார்த்தேன். மலைச்சரிவின் மண் சரியாமல் தாங்கி நிற்கும் பத்தடி உயரத் தடுப்புச் சுவர். நடுப்பகுதி நாலு விரற்கடை முன்னால் வந்திருந்தது. கட்டும்போது தண்ணீர் வெளியேற நான்கு அங்குலக் குழாய்களை வரிசையாக விட்டிருந்தார்கள். அது எனக்குத் தெரியும், வரைபடம் போட்டவனே நான்தான். இப்போது ஒரு குழாயையும் காணோம். வாயெல்லாம் சிமென்ட் வைத்துப் பூசி, மேலே வெள்ளையும் அடித்தாகிவிட்டது. மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்தேன். "நான் சொன்னனுங்க. கார் நிறுத்துற எடத்துல புதுசா டைல்ஸ் போட்டாச்சு, செம்மண் தண்ணி வழிஞ்சு கறை புடிக்குதுன்னு சார்தான் அடைக்கச் சொன்னாருங்க." சார் டைல்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சமவெளியில் சுவரில் தண்ணீர் கசிந்தால் வேலை மோசம் என்று அர்த்தம். அந்தப் பழக்கத்தோடுதான் எல்லோரும் மலையேறுகிறார்கள். தடுப்புச் சுவருக்கு அந்தக் கணக்கு செல்லாது. அது கசிய வேண்டும். நல்ல மழையில் ஒரு தடுப்புச் சுவர் சொட்டுக்கூடக் கசியவில்லை என்றால்தான் எனக்குப் பயம் வரும்.

"பதினெட்டு இஞ்ச் கான்கிரீட் சார், கம்பி கட்டி ஊத்தியிருக்கு, மலையே வந்தாலும் தாங்கும்" என்பார்கள். மலை வர வேண்டாம், தண்ணீர் வந்தால் போதும். பத்தடிச் சுவருக்குப் பின்னால் மண் ஓரளவு உலர்ந்திருக்கும்போது, ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் இரண்டரை, மூன்று டன் தள்ளும். அதற்குத்தான் சுவரை வடிவமைக்கிறோம். அதே மண்ணில் தண்ணீர் உச்சிவரை தேங்கினால், தண்ணீர் மட்டுமே மீட்டருக்கு நான்கரை டன் தள்ளும். ஊறிய மண்ணின் அழுத்தம் அதற்கு மேலே தனி. ஆக மொத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்தச் சுமையை உங்கள் சுவரிடம் யாரும் சொல்லி வைக்கவில்லை. ஓட்டை விட்டால் சுவர் பலவீனமாகிவிடும் என்று இன்னொரு கூட்டம் சொல்கிறது. ஐயா, அந்த ஓட்டைதான் சுவரை நிற்க வைத்திருக்கிறது! கல்லை அடுக்கிச் சாந்து வைக்காமல் கட்டிய பழைய தேயிலைத் தோட்டத்துச் சுவர்கள் இன்றும் நிற்கின்றன, போய்ப் பாருங்கள். ஒவ்வொரு இடுக்கும் தண்ணீருக்கு வழி.

குழாய் விட்டால் மட்டும் போதாது. சுவருக்குப் பின்னால் ஓரடி அகலத்துக்குக் கீழிருந்து மேல்வரை ஜல்லி நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் ஒரே மழையில் சேறு போய்க் குழாயை அடைத்துவிடும். ஜல்லி விலையைக் கேட்டுவிட்டு, வெட்டிய மண்ணையே உள்ளே தள்ளி மூடுகிறார்கள். பிறகு நிபுணர் என்று என்னைக் கூப்பிட்டு ஃபீஸும் கொடுக்கிறார்கள். ஜல்லிக்கு அதைவிடக் குறைவாகத்தான் ஆகியிருக்கும்.

அடுத்தது, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பாதி உங்கள் கூரையிலிருந்துதான். ஆயிரம் சதுர அடிக் கூரையில் 100 மி.மீ. மழை பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல் விழும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. பெய்தது. அன்று அந்த அளவுக் கூரை ஒவ்வொன்றிலும் விழுந்தது 76,000 லிட்டர், ஆறு டேங்கர் லாரி. நீலகிரியில் அந்த நாட்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மண்சரிவில் போனார்கள். கூரைத் தண்ணீரைக் குழாய் போட்டு ஓடைவரை கொண்டுபோய் விடுங்கள், சுவருக்குப் பின்னால் கொட்டாதீர்கள். கழிவுநீர்க் குழியைச் சுவருக்கு மேல்பக்கம் தோண்டாதீர்கள், அது வருடம் 365 நாளும் பெய்கிற மழை. சரிவின் மேல்பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டி, ஐப்பசிக்கு முன்னால் இலை தழையை அள்ளுங்கள். அள்ளுகிறோம் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

இடம் வாங்குவது பற்றியும் ஒரு வார்த்தை. ஏப்ரல், மே சீசனில் வந்து, குளிர் காற்றில் மயங்கி அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அப்போது எல்லா மனையும் அழகுதான். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் என்றால் வடகிழக்குப் பருவமழையில் நவம்பரில் வந்து பாருங்கள். கூடலூர், பந்தலூர் என்றால் ஜூலையில் வாருங்கள், அங்கே தென்மேற்குதான் கொட்டும். எந்த மூலையில் ஊற்று கிளம்புகிறது, எந்த மரம் அடியில் வளைந்து நிற்கிறது என்று அப்போதுதான் தெரியும். அடிமரம் முழங்கால்போல வளைந்திருந்தால் அந்தச் சரிவு மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கலாம். பக்கத்தில் டீ பறிக்கும் அம்மாவிடம் கேளுங்கள். புரோக்கர் சொல்லாததை அவர் சொல்லிவிடுவார்.

பொக்லைன் வைத்து ஒரே நாளில் மலையைச் சமப்படுத்திவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஆட்சியர் அனுமதி இல்லாமல் இங்கே அதை இறக்கவே கூடாது, காரணம் இருக்கிறது. வெட்டிய மண்ணைச் சரிவில் தள்ளி, பாதி வீட்டை வெட்டிய தரையிலும் பாதியைத் தள்ளிய மண்ணிலும் கட்டினால், இரண்டு மழைக்குள் சரியாக அந்தச் சேரும் இடத்தில் விரிசல் விடும். கதவு திடீரென்று சாத்த மாட்டேன் என்றால் தச்சரைக் கூப்பிடும் முன் தரையைப் பாருங்கள்.

அப்புறம், என் துறை இல்லைதான், ஆனாலும் சொல்கிறேன். முதல் குளிர்காலத்தில் ஜன்னலையெல்லாம் அடைத்துவிட்டு அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்காதீர்கள். புகை வராத கரிதானே என்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, விழிக்க விடாது. கம்பளி வாங்குங்கள்.

சரி, அந்தச் சுவருக்கு வருவோம். காரை எடுக்கச் சொல்லி, சுவரை ஒட்டிய அறையைக் காலி செய்யவைத்து, மேலே தார்ப்பாய் விரித்த பிறகு, ஓரமாக நின்று அடிவரிசையில் ஒரு குழாய் வாயில் டிரில் போடச் சொன்னேன். சிமென்ட் உடைந்ததும் செம்மண் தண்ணீர் விரல் தடிமனுக்குப் பீய்ச்சி இரண்டடி தள்ளி விழுந்தது. முக்கால் மணி நேரம் நிற்கவில்லை. (இதை நீங்களாகச் செய்யாதீர்கள். வயிறு தள்ளிய சுவர் எந்தப் பக்கம் விழும் என்று எனக்கே உத்தரவாதம் கிடையாது.) அந்தப் பகுதியை இடித்துத்தான் கட்ட வேண்டியிருந்தது. இந்த முறை ஜல்லியோடு.

போன வாரம் மறுபடி போன் செய்தார். சுவர் நன்றாக இருக்கிறதாம். டைல்ஸ் கறைக்கு ஏதாவது ஆசிட் உண்டா என்று கேட்டார்.