பாஸ்வேர்டை எப்படி உடைக்கிறார்கள்?

சினிமா ஹேக்கர் லாகின் பெட்டியில் ஒவ்வொரு பாஸ்வேர்டாக அடித்துப் பார்ப்பான், மூன்றாவது தடவை திறந்துவிடும். நிஜத்தில் அது அநேகமாக நடக்காது. சில தடவை தப்பாக அடித்தாலே பல தளங்கள் கணக்கைப் பூட்டிவிடும். உடைக்கிற வேலை நடப்பது வேறு இடத்தில்: தளத்தின் பாஸ்வேர்டுப் பதிவுகளைத் திருடியவனுடைய சொந்தக் கணினியில், கேட்க ஆளில்லாமல், சாவகாசமாக.

ஒழுங்கான தளம் உங்கள் பாஸ்வேர்டை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளாது. அதை ஒரு கணக்கில் போட்டு அரைத்து, வருகிற குழப்பமான எழுத்து வரிசையை மட்டும் வைத்துக்கொள்ளும். அதற்குப் பெயர் ஹாஷ். நீங்கள் அடுத்த முறை உள்ளே வரும்போது அடித்ததை மறுபடி அரைத்து, இரண்டும் ஒன்றா என்று பார்க்கும், அவ்வளவுதான். மாவிலிருந்து அரிசியை எடுக்க முடியாத மாதிரி ஹாஷிலிருந்து பாஸ்வேர்டைத் திரும்ப எடுக்க முடியாது.

இதைக்கூடச் செய்யாத தளங்களும் உண்டு. 2009இல் ராக்யூ என்ற நிறுவனத்திடமிருந்து 3 கோடியே 20 லட்சம் பாஸ்வேர்டுகள் திருடு போயின, அத்தனையும் பச்சையாக, படிக்கிற எழுத்தில். முதலிடம் 123456. 2,90,000 பேருக்கு மேல் அதையே வைத்திருந்தார்கள். முதல் ஐந்துக்குள் ஐலவ்யூவும் உண்டு. உலகம் முழுக்க மனுஷ புத்தி எப்படிப் போகும் என்பதற்கு ஒரு பட்டியல் கிடைத்துவிட்டது, இன்றும் பாஸ்வேர்டு உடைப்பவர்கள் கையில் முதலில் இருப்பது அதுதான்.

சரி, ஹாஷைத் திருப்ப முடியாது என்றால் எப்படி உடைக்கிறார்கள்? திருப்புவதே இல்லை. பட்டியலில் உள்ள சொல் ஒவ்வொன்றையும் தாங்களே அரைத்து, திருடிய ஹாஷோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார்கள். கேமிங்குக்கு விற்கிற நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்றே ஷா-1 மாதிரிப் பழைய ஹாஷை வினாடிக்கு ஆயிரம் கோடி முறைக்கு மேல் போட்டுவிடும். சின்ன ஆங்கில எழுத்துகள் எட்டை எப்படி மாற்றி மாற்றி அடுக்கினாலும் மொத்தம் சுமார் 20,900 கோடி வகைதான், ஆக 21 வினாடி. அதையே பன்னிரண்டு எழுத்தாக்கினால், தற்செயலாகப் பொறுக்கிய எழுத்துகளாக இருக்கும் பட்சத்தில், அதே கார்டுக்கு 110 நாள் ஆகும். நீளம் செய்கிற வேலை இது. ஆனால் பேரன் பெயர், பிறந்த வருடம், கடைசியில் 123, ஏ-க்குப் பதில் அட் குறி என்பதெல்லாம் நீளத்தில் சேராது, உடைக்கும் மென்பொருளில் இந்தத் தந்திரங்கள் எல்லாம் ஏற்கனவே விதிகளாக எழுதப்பட்டிருக்கின்றன.

2012இல் வேலை, தொழில் தொடர்புகளுக்கான தளமான லிங்க்ட்இன்னின் ஹாஷ்கள் வெளியானபோது நடந்ததும் இதுதான். ஷா-1, அதுவும் சால்ட் இல்லாமல். சால்ட் என்பது ஆளுக்கு ஆள் வேறாக ஒரு சின்ன எழுத்துத் துண்டைச் சேர்த்து அரைப்பது. அது இருந்தால் ஒரே பாஸ்வேர்டு வைத்த இரண்டு பேருக்கு இரண்டு ஹாஷ் வரும், ஒவ்வொருவரையும் தனித்தனியாகத்தான் உடைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே அரைப்பில் எல்லோரையும் சேர்த்துப் பிடித்துவிடலாம். முதலில் 65 லட்சம் ஹாஷ்கள் என்றார்கள், 2016இல் பார்த்தால் 11 கோடியே 70 லட்சம்.

எந்தத் தளம் எப்படி அரைக்கிறது என்பது நம் கையில் இல்லை, நமக்குச் சொல்லவும் மாட்டார்கள். அதனால்தான் தளத்துக்கு ஒரு பாஸ்வேர்டு என்பதை நான் விடாப்பிடியாகச் சொல்வேன். ஓரிடத்தில் உடைந்ததை மற்ற தளங்களில் தானியங்கியாகப் போட்டுப் பார்ப்பது இன்று பெரிய தொழில். அதே 2012இல் கோப்புகளைச் சேமித்து வைக்கும் தளமான டிராப்பாக்ஸும் வேறு தளங்களில் திருடப்பட்ட பாஸ்வேர்டுகளை வைத்துத் தன் பயனர்கள் சிலரின் கணக்குகளில் நுழைந்துவிட்டார்கள் என்று அறிவித்தது. அதன் ஊழியர் ஒருவரின் கணக்கும் திருட்டுப் பாஸ்வேர்டால்தான் திறந்தது.

இத்தனையையும் யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? யாரும் வேண்டாம், பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைத்து வேண்டிய தளத்தில் நிரப்பித் தருகிற மென்பொருளான பாஸ்வேர்டு மேனேஜர் வைத்துக்கொள்ளட்டும். அதில் இன்னொரு லாபம், வங்கி மாதிரியே ஜோடித்த போலிப் பக்கத்தில் நாம் ஏமாந்தாலும் முகவரி வேறு என்பதால் அது தானாக நிரப்பாமல் சும்மா இருக்கும். மேனேஜருக்கும் மின்னஞ்சலுக்கும் மட்டும் தனித்தனியாக ஒவ்வொன்று மனப்பாடமாக வேண்டும். பகடை உருட்டி, இதற்கென்றே உள்ள 7,776 சொற்கள் கொண்ட பட்டியலில் ஐந்து சொல் எடுங்கள், மேலே சொன்ன கார்டுக்கு எல்லாவற்றையும் முயன்று முடிக்க 90 வருடம் ஆகும். மின்னஞ்சலை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் லிங்க் அங்கேதான் வருகிறது.

அப்புறம், மாதாமாதம் பாஸ்வேர்டை மாற்று என்று நச்சரிக்கும் அலுவலகங்கள். அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017இலேயே அந்தக் கட்டாயம் வேண்டாம், கசிந்ததற்கு ஆதாரம் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள் என்று எழுதிவிட்டது. கட்டாயப்படுத்தினால் ஜனங்கள் கடைசி எண்ணை 7இலிருந்து 8 ஆக்குவார்கள், அதற்கும் உடைக்கும் மென்பொருளில் ஒரு விதி இருக்கிறது.