நினைவு இல்லத்துக்குப் புது லோகோ கேட்பவர்களுக்கு

புதுச்சேரியில் டிசைன் தொழில் செய்கிறேன். பழைய வீட்டை அருங்காட்சியகமாக நடத்துகிறவர்கள் வந்தால் முதலில் கேட்பது புது லோகோ. அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள் என்பேன்.

லோகோ என்றதும் வாழ்ந்தவரின் முகத்தை வரையச் சொல்வார்கள். பாரதி என்றால் முண்டாசும் மீசையும். அந்த முகம் ஆட்டோ முதுகு வரை வந்துவிட்டது. 1908 முதல் 1918 வரை அவர் நம் ஊரில் இருந்தார் என்பதை அது சொல்லுமா? வீட்டைப் பாருங்கள். ஆனந்தரங்கப்பிள்ளை மாளிகையில் கீழே தமிழ் வீட்டு மரத்தூண்கள், மேலே பிரெஞ்சுப் பாணி வெள்ளைத் தூண்கள். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவரின் வாழ்க்கையே அந்த இரண்டு வரிசையில் நிற்கிறது. வேறு சின்னம் எதற்கு?

அடுத்து எழுத்து. ஆங்கிலத்தில் எல்லாம் முடிந்த பிறகு, “கீழே தமிழ்லயும் போட்டுடுங்க” என்பார்கள். மிச்சமிருக்கும் இடத்தில் தமிழ் அடங்காது. சுருக்கினால் சுழிகள் அடைபட்டு, தெருவிலிருந்து பார்க்கக் கறுப்புத் திட்டாகத்தான் தெரியும். தமிழை முதலில் அமையுங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய லை, னை வடிவங்கள் பெயர்ப்பலகையில் அழகுதான். விளக்க அட்டையில் வேண்டாம், பள்ளிப் பிள்ளைகள் தடுமாறுவார்கள்.

சுவர்தான் பெரிய தலைவலி. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன்மேல் வினைல் ஸ்டிக்கரோ பிளாஸ்டிக் எமல்ஷனோ ஏறினால் ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சு உப்பி, பொருக்குப் பொருக்காக உதிரும். பிராண்ட் கலர் என்று முகப்பு முழுக்க எமல்ஷன் அடிக்கச் சொல்லும் டிசைனரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். காவி, மஞ்சள் என்று சுண்ணாம்போடு சேரும் நிறங்களிலிருந்தே உங்கள் வண்ணத்தை எடுக்கலாம். பலகையைச் சுவரில் துளை போடாமல் தனிக் காலில் நிறுத்துங்கள். கடற்காற்றில் சாதா இரும்பு துருப்பிடிக்கும், வெயிலில் பிளக்ஸ் வெளுக்கும். நம் தெருமுனைகளில் பிரெஞ்சும் தமிழுமாக இருக்கும் நீல எனாமல் பலகைகளைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பக்கத்திலேயே பாடம் இருக்கிறது.

டிக்கெட், பை, கோப்பை எல்லாம் பிறகு தானாக வரும்.

வேலையை வாங்கும்போது லோகோ பைலோடு யூனிகோடு எழுத்துரு, அதன் உரிமம், விளக்க அட்டையின் மாதிரி மூன்றையும் கேட்டு வாங்கி, அலுவலகக் கணினியில் ஏற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த அட்டை தேவைப்படும் நாளில், டிக்கெட் கொடுக்கும் அண்ணன் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் விண்டோஸோடு வரும் லதா எழுத்துருவில் அடித்து வந்து, தேக்கு பீரோமேல் செலோடேப் போட்டு ஒட்டிவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.