பேலன்ஸ்டு ட்ரீ: சமன்செய் மரம்

பேலன்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘பி’ என்றால் இரண்டு, ‘லாங்க்ஸ்’ என்றால் தட்டு. நம் இருதட்டுத் தராசுதான் அது. கணினியில் தரவுகளை வரிசைப்படி அடுக்கித் தேட உதவும் இருகிளை மரத்துக்கு (பைனரி சர்ச் ட்ரீ) இந்தப் பெயர் நன்றாகவே பொருந்துகிறது: ஒவ்வொரு கணுவுக்கும், அதாவது ஒரு தரவு அமரும் இடத்துக்கும், இடப்பக்கம் அதைவிடச் சிறியவை, வலப்பக்கம் பெரியவை.

சரி, தராசு சாய்ந்தால் என்ன ஆகும்? அம்மா, ஆடு, இலை என்று சொற்களை அகர வரிசையிலேயே ஒரு சாதாரண இருகிளை மரத்தில் போட்டுப் பாருங்கள். வருகிற சொல்லெல்லாம் முந்தையதன் வலப்பக்கமே போய்த் தொங்கும். பெயர்தான் மரம், கிடைப்பது ஒற்றைக் கயிறு. 10 லட்சம் சொற்களை இப்படிச் சேமித்தால், கடைசிச் சொல்லைத் தேட 10 லட்சம் ஒப்பீடுகள் வேண்டும். இருபக்கமும் நிரம்பிய மரத்தில் 20 போதும்.

1962இல் சோவியத் கணித அறிஞர்கள் அடெல்சன்-வெல்ஸ்கியும் லாண்டிஸும் இதற்கு வழி கண்டார்கள். அவர்கள் பெயரால்தான் ஏவிஎல் மரம். எந்தக் கணுவிலும் இருபக்க உயரங்கள் ஒன்றுக்கு மேல் வேறுபடக் கூடாது. மீறினால் அங்கே ஒரு சுழற்சி, அதாவது கணுக்கள் இடம் மாறும். ‘இலை’ வந்து சேர்ந்ததும் ‘ஆடு’ மேலேறி வேராகிவிடும் (கணினி மரத்தில் வேர் உச்சியில் இருக்கும்), ‘அம்மா’ இடப்பக்கம் இறங்கும், ‘இலை’ வலப்பக்கம் நிற்கும். அகர வரிசை குலையாது. ஜாவா நிரல்மொழியின் ட்ரீமேப் என்ற சேமிப்பு அமைப்பு பயன்படுத்தும் சிவப்பு-கறுப்பு மரம் இன்னும் தளர்வானது: அதில் வேரிலிருந்து அடிவரை செல்லும் ஒரு பாதை இன்னொன்றைப் போல இரு மடங்கு நீளம்வரை போகலாம்.

அதனால்தான் பேலன்ஸ்டு ட்ரீக்குச் ‘சமநிலை மரம்’ என்ற பெயர் எனக்கு நிறைவு தரவில்லை. நிலை என்றால் அசையாமல் நிற்பது போலத் தோன்றுகிறது. இந்த மரமோ நிற்பதில்லை, துல்லியமாகச் சமமாகவும் இருப்பதில்லை. ஒவ்வொரு முறை சேர்க்கும்போதும் நீக்கும்போதும் தன்னைச் சரிபார்த்துக்கொள்கிறது.

‘சமன்செய் மரம்’ என்றால் சரியாக வரும். இது வினைத்தொகை: சமன்செய்த, சமன்செய்கிற, சமன்செய்யும் என மூன்று காலமும் அதற்குள் அடங்கும். செல்ஃப்-பேலன்சிங் என்பதற்காகத் ‘தானே’ என்று தனியாக ஒட்டவும் வேண்டாம். கொல்களிறு என்றால் கொல்வது களிறு. சமன்செய் மரம் என்றால் சமன்செய்வது மரமேதான்.