நிழலை அளப்பதா, வெளிச்சத்தை அளப்பதா?

ஃபிலிமில் படமெடுப்பவர்கள் நிதானமானவர்கள், டிஜிட்டலில் எடுப்பவர்கள் அவசரக்காரர்கள் என்ற பேச்சுக்கு, 35 மி.மீ. சுருளில் 36 படங்கள்தான் கிடைக்கும் என்ற கணக்கே வழக்கமாகக் காரணமாகச் சொல்லப்படுகிறது. இது பாதிதான் சரி. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் கேரி வினோகிராண்ட் 1984இல் இறந்தபோது அவர் விட்டுச்சென்றவற்றில் கழுவப்படாத சுருள்கள் மட்டுமே ஏறத்தாழ 2,500 இருந்தன; எண்ணிக்கை வரம்பு அவர் கையைக் கட்டிப்போட்டதாகத் தெரியவில்லை. ஒளியை இவ்விரு ஊடகங்களும் வாங்கிக்கொள்ளும் விதத்தையும் பார்த்தால்தான் பழக்கங்களின் வேறுபாடு விளங்கும்.

ஃபிலிமின் ஜெலட்டின் பூச்சில் வெள்ளி ஹாலைடு படிகங்கள் நிறைந்திருக்கின்றன. ஒளி பட்டதும் படிகத்துக்குள் விடுபடும் எலக்ட்ரான்கள் வெள்ளி அயனிகளை அணுக்களாக மாற்றுகின்றன; அப்படி நான்கு அணுக்களாவது ஓரிடத்தில் திரண்டால்தான், படிமத்தை வெளிக்கொணரும் டெவலப்பர் கரைசலில் அந்தப் படிகம் கறுத்த வெள்ளியாக மாறும். அதற்கும் குறைவான ஒளி பெற்ற படிகம், ஒளியே படாததைப் போல, எஞ்சிய படிகங்களை நீக்கும் ஃபிக்ஸர் கரைசலில் கரைந்துவிடும். ஆகவே நெகட்டிவில் (ஒளி பட்ட இடம் கறுப்பாகப் பதியும் ஃபிலிமில்) நிழல் பகுதிக்குப் போதிய ஒளி தராவிட்டால் அங்கிருந்த நுணுக்கத்தைப் பிறகு எவராலும் மீட்க முடியாது. பிரகாசமான பகுதியிலோ கருமை மெல்ல மெல்லவே உச்சத்தை எட்டுவதால், ஓரிரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இருமடங்கு) கூடினாலும் பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.

டிஜிட்டல் கேமராவில் ஒளியை வாங்கும் சென்சாரின் போக்கு இதற்கு நேர்மாறானது. ஒவ்வொரு பிக்சலும் விழும் ஒளிக்கு நேர்விகிதத்தில் எலக்ட்ரான்களைச் சேர்த்துக்கொண்டே வந்து, கொள்ளளவு நிறைந்ததும் சட்டென்று நின்றுவிடுகிறது. வெள்ளைச் சட்டை அணிந்தவர் சன்னலோரம் நிற்கிறார் என்றால், நெகட்டிவில் எடுப்பவர் ஒளியை அளக்கும் லைட் மீட்டரை அவருடைய கருமுடியின் பக்கம் திருப்புவார். டிஜிட்டலில் எடுப்பவர் சட்டை மடிப்பு வெளுத்துவிட்டதா என்று ஹிஸ்டோகிராமின் (படத்தில் இருள் முதல் வெளிச்சம்வரை எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வரைபடத்தின்) வலது ஓரத்தைப் பார்ப்பார்.

அடுத்தது காத்திருப்பு. கழுவும்வரை ஃபிலிமில் படிமம் கண்ணுக்குத் தெரியாது என்பதால், அபெர்ச்சரையும் (லென்ஸ் திறப்பின் அளவையும்) ஷட்டர் வேகத்தையும் குறிப்பேட்டில் எழுதிவைக்காதவருக்குத் தவறு எங்கே நேர்ந்தது என்பது பிடிபடாமலே போகலாம். டிஜிட்டல் கோப்பில் அந்த விவரங்கள் தாமாகவே பதிவாகின்றன, விளைவும் உடனே தெரிகிறது. கற்பவருக்கு இதுவே நல்ல ஆசிரியர் என்பது என் கருத்து. ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் திரையைக் குனிந்து பார்ப்பவர், எதிரே அடுத்து நிகழ்வதைத் தவறவிடுகிறார்.

ஷட்டரை நீண்ட நேரம் திறந்துவைத்து எடுக்கும் எக்ஸ்போஷரில் ஃபிலிமுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மங்கலான ஒளியில், அடுத்த ஒளித்துகள் வந்து சேர்வதற்குள் தனித்து நிற்கும் வெள்ளி அணு மீண்டும் அயனியாகிவிடுவதால், மீட்டர் காட்டும் நேரத்தைவிடக் கூடுதலாக ஷட்டரைத் திறந்துவைக்க வேண்டும். அதற்கான அட்டவணையை ஃபிலிம்காரர்கள் கைவசம் வைத்திருப்பார்கள். சென்சாருக்கு இந்தத் திருத்தம் தேவையில்லை, நேரம் நீள நீள படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சல்தான் கூடும்.

திரையை மூடிவைத்து, 36 படங்களோடு நிறுத்திக்கொள்ளும் டிஜிட்டல்காரர்களும் உண்டு. எண்ணிக்கையையும் காத்திருப்பையும் அப்படி வரவழைத்துக்கொள்ளலாம். ஆனால் நிழலை அளக்கும் பழக்கத்தையும் சேர்த்துக் கொண்டுவந்தால் வானம் வெளுத்துவிடும்.